பெட்டி நேராக மெல்போர்ன் போகும் என்றார் ஏஜென்ட், கோலாலம்பூரோடு நின்றுவிட்டது

வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகளைப் பார்க்க முதன்முறையாக விமானம் ஏறப்போகும் அப்பா அம்மாவுக்கு ஊர் ஏஜென்ட் மூலம் டிக்கெட் போடுகிறீர்களா? பணம் கொடுப்பதற்கு முன்னால் இதைப் படித்துவிடுங்கள். என் பெற்றோர் பட்ட பாடு இன்னொரு குடும்பத்துக்கு வரக்கூடாது என்றுதான் எழுதுகிறேன்.

சென்னையிலிருந்து கோலாலம்பூர் வழியாக மெல்போர்ன். எனக்குப் பிரசவ நேரம் என்பதால் டிக்கெட் வேலையை அப்பாவே பார்த்துக்கொண்டார். எங்கள் ஊர் பஸ் ஸ்டாண்ட் அருகே பல வருஷமாகக் கடை வைத்திருக்கும் ஏஜென்ட் அவர். அப்பா கேட்ட முதல் கேள்வியே லக்கேஜ் பற்றித்தான். "நடுவுல இறங்குற இடத்துல பெட்டியை எடுக்கணுமா தம்பி?" "வேண்டாம் சார். சென்னையில போட்டா மெல்போர்ன்ல எடுத்துக்கலாம். கோலாலம்பூர்ல ஒரு கேட்டுல இருந்து இன்னொரு கேட்டுக்கு நடந்தா போதும்." இதையே வாட்ஸ்அப்பிலும் பேசி அனுப்பியிருக்கிறார். அந்தக் குரல் பதிவு இன்னும் அப்பா போனில் இருக்கிறது.

அவர் அப்பா கையில் கொடுத்தது விமான நிறுவனத்தின் டிக்கெட் இல்லை. தன் கடையின் பெயர் போட்ட தாளில் இரண்டு விமானங்களையும் வரிசையாக டைப் செய்து, மேலே ஒரே ஒரு பி.என்.ஆர். எண்ணைப் போட்டிருந்தார். பார்த்தால் ஒரே பயணம் மாதிரிதான் தெரியும். உண்மையில் அவை ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லாத இரண்டு நிறுவனங்களின் இரண்டு தனித்தனி டிக்கெட்டுகள். சென்னையிலிருந்து கிளம்பும் நிறுவனத்தைப் பொறுத்தவரை என் பெற்றோர் கோலாலம்பூருக்குப் போகிறவர்கள், அவ்வளவுதான். அங்கிருந்து மெல்போர்ன் வருகிற நிறுவனத்துக்கோ அவர்கள் கோலாலம்பூரில் பயணம் தொடங்குகிறவர்கள். இப்படிச் சேர்த்துப் போடுவதைச் 'செல்ஃப் டிரான்ஸ்ஃபர்' என்பார்கள். இதில் நடுவில் இறங்கி, குடிநுழைவு (இமிகிரேஷன்) முடித்து, பெல்ட்டில் பெட்டியை எடுத்து, வெளியே வந்து, அடுத்த நிறுவனத்தின் கவுண்டரில் மறுபடி போட வேண்டியது பயணியின் வேலை. சட்டவிரோதமான ஏற்பாடு ஒன்றும் இல்லை. விவரம் தெரிந்து, விலை குறைவு என்று இப்படிப் போகிறவர்கள் நிறைய. அதைச் சொல்லாமல் மறைத்து விற்றதுதான் மோசடி.

சென்னை கவுண்டரில் இரண்டு பெட்டிகளுக்கும் கோலாலம்பூர் வரைதான் டேக் போட்டார்கள். அவர்கள் திரையில் தெரிந்ததும் அவ்வளவுதான். ஏஜென்ட் இரண்டாவது விமானத்துக்கும் ஆன்லைனில் செக்-இன் செய்து போர்டிங் பாஸை அச்சடித்துக் கொடுத்திருந்ததால் வழியில் யாரும் அவர்களை நிறுத்திக் கேட்கவும் இல்லை. இரண்டு விமானங்களும் ஒரே முனையம். அவர் சொன்னபடியே கேட்டிலிருந்து கேட்டுக்கு நடந்தார்கள். பாஸ்போர்ட்டையும் ஆஸ்திரேலிய விசாவையும் பார்த்து ஏற்றிவிட்டார்கள். வேறு முனையமாக இருந்திருந்தால் குடிநுழைவைத் தாண்டித்தான் போயிருக்க வேண்டும், அங்கேயாவது விஷயம் வெளிப்பட்டிருக்கும்.

மெல்போர்னில் பெல்ட் காலியாகி நின்றபிறகும் பெட்டி வரவில்லை. லக்கேஜ் உதவி மேஜையில் இருந்த பெண் போர்டிங் பாஸின் பின்னால் ஒட்டியிருந்த ரசீதைப் பார்த்ததுமே சொல்லிவிட்டார்: இது எங்களிடம் ஒப்படைத்த பெட்டியே இல்லை. கொடுமை என்னவென்றால், இந்த இரண்டாவது விமானத்துக்கும் பெட்டிக் கட்டணத்தை ஏஜென்ட் எங்களிடம் வசூலித்திருந்தார். எடை பதிவில் இருக்கிறது, பெட்டி இல்லை.

பெட்டி வராவிட்டால் விமான நிலையத்தை விட்டு வெளியேறும் முன்பே பி.ஐ.ஆர். என்ற புகார் படிவத்தை எழுதி வாங்கிக்கொள்ள வேண்டும் என்று எல்லோரும் சொல்வார்கள். சரியான அறிவுரைதான். எங்களுக்கு அதுவே கிடைக்கவில்லை. வாங்காத பெட்டிக்கு நாங்கள் எப்படிப் படிவம் தருவது என்றது இரண்டாவது நிறுவனம். முதல் நிறுவனத்துக்கு மெல்போர்னில் அலுவலகமே கிடையாது. மின்னஞ்சலில் அவர்கள் தந்த பதில், பெட்டி சேர வேண்டிய இடத்தில் சேர்ந்துவிட்டது, பயணிதான் எடுக்கவில்லை என்பது. விழுப்புரம் வரை போட்ட பார்சலைத் திருச்சியில் போய்க் கேட்டால் என்ன பதில் வருமோ, அதே பதில்.

பலர் நம்பிக்கொண்டிருக்கும் ஒரு பாதுகாப்பு இங்கே உதவவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். சர்வதேச விமானப் பயணங்களுக்கு 1999ஆம் ஆண்டின் மான்ட்ரியல் ஒப்பந்தம் இருக்கிறது. இந்தியாவில் 2009 முதல் நடைமுறையில் உள்ளது. பெட்டி சேதமானால் 7 நாளுக்குள், தாமதமானால் பெட்டி கையில் கிடைத்த 21 நாளுக்குள் எழுத்தில் புகார் கொடுக்க வேண்டும். 21 நாளாகியும் வராவிட்டால் தொலைந்ததாகக் கருதி இழப்பீடு கேட்கலாம். ஒரு பயணிக்கு அதிகபட்சம் 1,519 எஸ்.டி.ஆர்., அதாவது சர்வதேச நாணய நிதியத்தின் (ஐ.எம்.எஃப்.) கணக்கு அலகில். 2024 டிசம்பர் இறுதியிலிருந்து இந்த வரம்பு. நல்ல சட்டம். ஆனால் பெட்டி விமான நிறுவனத்தின் பொறுப்பில் இருக்கும்போது தொலைந்தால், தாமதமானால்தான் இது. எங்கள் பெட்டி தொலையவும் இல்லை, தாமதமாகவும் இல்லை. டேக்கில் எழுதிய ஊரில் பத்திரமாக இறங்கி, பெல்ட்டில் யாரும் எடுக்காமல் சுற்றியிருக்கிறது. பயணக் காப்பீட்டு நிறுவனமும் இதே காரணத்தைச் சொல்லி மறுத்துவிட்டது. அந்தக் காப்பீட்டை விற்றவரும் அதே ஏஜென்ட்தான்.

அம்மாவின் ரத்த அழுத்த மாத்திரை கைப்பையில் சில நாளுக்குத்தான் இருந்தது, மீதியெல்லாம் பெட்டியில். ஆஸ்திரேலிய அரசின் மருத்துவ உதவியான மெடிகேர் சலுகை இந்தியாவிலிருந்து வரும் விருந்தினர்களுக்குக் கிடையாது. டாக்டரைப் பார்த்து, இங்கே கிடைக்கும் மாத்திரைக்குச் சீட்டு வாங்கி, எல்லாம் கைக்காசு. குழந்தை பிறந்த வீட்டில் அம்மா ஊரிலிருந்து வந்தும் ஒன்றும் செய்ய முடியவில்லையே என்று தினமும் அழுதார். அவர் மாதக்கணக்காகச் சேர்த்துக் கட்டிய பெட்டி அது.

கடைசியில் உதவியது டேக் ரசீதில் இருந்த 10 இலக்க எண்தான். 2018 ஜூனிலிருந்து, பெட்டியை நான்கு கட்டங்களில் கண்காணித்துப் பதிவு செய்வது ஐயாட்டா என்ற சர்வதேச விமான நிறுவனக் கூட்டமைப்பின் உறுப்பு நிறுவனங்களின் கடமை: பயணியிடம் வாங்கும்போது, விமானத்தில் ஏற்றும்போது, வேறு விமானத்துக்கு மாற்றும் இடத்தில், திரும்ப ஒப்படைக்கும்போது. 'பெட்டி எங்கே' என்று கேட்டால் பொதுவான பதில்தான் வரும். 'இந்த எண் கடைசியாக எங்கே, எப்போது ஸ்கேன் ஆனது' என்று எழுதிக் கேளுங்கள். அப்படிக் கேட்டபிறகுதான் கோலாலம்பூர் கிடங்கில் இருப்பதாக ஒப்புக்கொண்டார்கள். அப்பா கையெழுத்திட்ட அதிகாரக் கடிதம், பாஸ்போர்ட் நகல், டேக் நகல், பெட்டிக்குள் என்னென்ன இருக்கிறது என்ற பட்டியல் எல்லாம் அனுப்பி, என் கணவரின் நண்பர் ஒருவர் அலைந்து வாங்கி, சரக்கு விமானத்தில் போட்டுவிட்டார். உணவுப் பொருட்களை எடுத்துவிட்டுத்தான் அனுப்ப முடிந்தது. பிரசவ மருந்து, பருப்புப்பொடி, சுக்கு எதுவும் வந்து சேரவில்லை. குழந்தைக்கு வாங்கிய வெள்ளிக் கொலுசும் பெட்டியில் இல்லை. எங்கே போனது என்று யாரிடம் கேட்பது? செலவு முழுக்க எங்களுடையது.

ஏஜென்டை அப்பா போனில் கேட்டபோது, "ஏர்லைன்ல கேளுங்க சார், டிக்கெட் போட்டதோட எங்க வேலை முடிஞ்சுது" என்று வைத்துவிட்டார். அப்புறம் அந்த இரண்டு நிறுவனங்களிடமும் அசல் டிக்கெட்டை வாங்கிக் கட்டணத்தைக் கூட்டிப் பார்த்தோம். எங்களிடம் வாங்கியதற்கும் அதற்கும் இருவருக்குமாக இருபதாயிரம் ரூபாய்க்கு மேல் வித்தியாசம். ஒரே டிக்கெட்டுக்கு ஆகும் விலையை வாங்கிக்கொண்டு மலிவான இரண்டை ஒட்டித் தந்திருக்கிறார். வயதானவர்கள், ஆங்கிலத் தாளைத் துருவிப் பார்க்க மாட்டார்கள் என்ற தைரியம். எனக்கு மிகவும் கோபம் வருவது இந்த இடத்தில்தான்.

சரி, எப்படிக் கண்டுபிடிப்பது? பி.என்.ஆர். ஒன்றா இரண்டா என்று மட்டும் பார்த்தால் போதாது. ஒரே டிக்கெட்டில் இரண்டு நிறுவனங்கள் இருந்தால்கூட ஆளுக்கொரு பி.என்.ஆர். வரலாம். பார்க்க வேண்டியது 13 இலக்க இ-டிக்கெட் எண். அதன் முதல் மூன்று இலக்கம் டிக்கெட் கொடுத்த நிறுவனத்தின் குறியீடு, ஏர் இந்தியாவுக்கு 098, சிங்கப்பூர் ஏர்லைன்ஸுக்கு 618, எமிரேட்ஸுக்கு 176 என்று. ஒரு பயணிக்கு எல்லா விமானங்களும் ஒரே எண்ணின் கீழ் இருந்தால் அது ஒரே டிக்கெட். சில மலிவு விலை நிறுவனங்கள் இந்த எண்ணே தருவதில்லை. அப்போது அந்த நிறுவனத்தின் தளத்திலேயே பி.என்.ஆர். போட்டுப் பாருங்கள், கடைசி ஊர் வரை காட்டுகிறதா என்று. ஏஜென்டின் தாளை எதற்கும் ஆதாரமாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

தனித்தனி டிக்கெட்டில் இன்னொரு ஆபத்து விசா. மலேசியாவுக்கு இந்தியர்கள் 2023 டிசம்பரிலிருந்து விசா இல்லாமல் போக முடிகிறது. ஆனால் குடிநுழைவைத் தாண்டுவதென்றால் டிஜிட்டல் வருகை அட்டையை முன்கூட்டியே ஆன்லைனில் நிரப்ப வேண்டும். சிங்கப்பூரிலோ துபாயிலோ வெளியே வந்து பெட்டி எடுக்க விசா விதிகள் வேறு. விசா இல்லையென்று சென்னையிலேயே ஏற்ற மறுக்கலாம். முதல் விமானம் தாமதமாகி இரண்டாவதைத் தவறவிட்டாலும் யாரும் வேறு விமானம் தர மாட்டார்கள்.

ஒரே டிக்கெட்டாக இருந்தாலும் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. வெளிநாட்டிலிருந்து டெல்லி, மும்பை வழியாகச் சென்னையோ மதுரையோ வருகிறவர்கள், டேக்கில் கடைசி ஊர் இருந்தாலும், பொதுவாக முதலில் இறங்கும் இடத்திலேயே பெட்டியை எடுத்துச் சுங்கம் தாண்டி மறுபடி போட வேண்டும். அமெரிக்காவுக்குள் நுழையும்போதும் பெரும்பாலும் இதே முறைதான்.

கவுண்டரில் பெட்டியை விடுவதற்கு முன் டேக்கைப் படிக்கச் சொல்லுங்கள். பெரிய எழுத்தில் இருக்கும் மூன்றெழுத்துக் குறியீடுதான் பெட்டி போகும் கடைசி ஊர். மெல்போர்ன் என்றால் எம்.இ.எல்., கோலாலம்பூர் என்றால் கே.யு.எல்., சென்னை எம்.ஏ.ஏ., திருச்சி டி.ஆர்.இசட். போக வேண்டிய ஊரின் மூன்றெழுத்தை ஒரு தாளில் எழுதிப் பெற்றோர் கையில் கொடுத்துவிடுங்கள். எழுத்து ஒத்துப்போகாவிட்டால் அங்கேயே நின்று கேட்கட்டும். டேக்கையும் பெட்டியையும் போனில் படம் எடுக்கட்டும். மாத்திரை, வெள்ளி, தங்கம் எல்லாம் கைப்பையில்.

ஏஜென்ட் மீது மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் அப்பா பெயரில் புகார் கொடுத்திருக்கிறோம். சேவைக்கு நாம் கொடுத்த பணம் 5 லட்சம் ரூபாய் வரை என்றால் புகாருக்குக் கட்டணம் கிடையாது, 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நாம் குடியிருக்கும் ஊரிலேயே கொடுக்கலாம், சம்பவம் நடந்து இரண்டு வருஷத்துக்குள் கொடுக்க வேண்டும். எப்படித் தொடங்குவது என்று தெரியாதவர்கள் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் கேட்கலாம். எங்கள் வழக்கில் முக்கிய ஆதாரம் அந்தக் குரல் பதிவும் கடைத்தாளும்தான். ஏஜென்ட் வாயால் சொல்வதை எழுத்திலோ குரலிலோ கேட்டு வாங்கி வையுங்கள். இதேபோல் ஏமாந்தவர்கள் யாராவது இருந்தால், அந்தத் தாளையும் டேக் ரசீதையும் தூக்கிப் போட்டுவிடாதீர்கள்.