பகல் 1 மணி டியூட்டி மாற்றம்: தாதிய மாணவருக்கான வி.ஆர். கையளிப்புப் பயிற்சி எப்படி?

பகல் 12 முதல் 1 வரை நோயாளி பார்க்கும் நேரம். 1 மணிக்குக் காலை டியூட்டி முடிந்து அடுத்த டியூட்டி தொடங்கும். கொழும்பு அரசாங்க வைத்தியசாலைகளின் வார்டுகளில் இந்த இரண்டும் ஒன்றோடொன்று முட்டிக்கொள்ளும். சாப்பாட்டுக் கரியரோடு இன்னும் போகாமல் நிற்கும் உறவினர், விடாமல் அடிக்கும் தொலைபேசி, ட்ரொலிச் சத்தம். இதற்கு நடுவில்தான் ஒரு தாதி இன்னொரு தாதியிடம் வார்ட் முழுவதையும் வாயால் ஒப்படைக்க வேண்டும். வகுப்பறையில் இரண்டு கதிரை போட்டுக் கையளிப்பைப் பழக்கலாம், ஆனால் அந்த இரைச்சல் அங்கே வராது. ஹெட்செட்டை மாட்டி மெய்நிகர் வார்டுக்குள் போகவைக்கும் வி.ஆர். பொதிகள் விலைபோவது அதனால்தான்.

இங்கே பார்ப்பது ஆண்டுச் சந்தாவுக்குக் கிடைக்கும் அப்படியான ஒரு பொதி. மெட்டா குவெஸ்ட் 3 ஹெட்செட், ஆங்கிலத்தில் பேசும் மெய்நிகர் நோயாளிகள், பேச்சைக் கேட்டுப் புள்ளி போடும் மென்பொருள், காட்சியை மாற்றி எழுத ஒரு எடிட்டர், இவ்வளவும் அடக்கம். விற்பவரின் பெயரை விட்டுவிடுகிறோம். கீழே வரும் குறைகள் இந்த வகைப் பொதிகளில் பெரும்பாலும் இருப்பவைதான்.

கையளிப்பில் எதை அடுத்து எதைச் சொல்வது என்ற ஐஎஸ்பார் வரிசையை மனப்பாடமாக்க இது தேவையில்லை, அதற்குச் சட்டைப்பையில் ஒரு அட்டை போதும். நான்கு பேர் குறுக்கிடும்போதும் அந்த வரிசையைத் தவறவிடாமல் பேசப் பழக்குவதற்கு நல்ல சாதனம். புள்ளி போடும் பகுதியை மட்டும் முதல் நாளே அணைத்துவிட வேண்டும்.

ஐஎஸ்பார் பற்றிச் சுருக்கமாக: நான் யார், நோயாளி யார்; இப்போது என்ன பிரச்சினை; பின்னணி என்ன; நான் என்ன நினைக்கிறேன்; என்ன செய்ய வேண்டும். அமெரிக்கக் கடற்படையின் அணுசக்தி நீர்மூழ்கிகளில் இருந்த தகவல் முறையை கைசர் பெர்மனன்டே என்ற அமெரிக்க மருத்துவச் சேவை நிறுவனம் மருத்துவத்துக்குக் கொண்டுவந்தது. யார், யாரைப் பற்றி என்ற முதல் படி பின்னால் சேர்ந்தது. விற்பனைப் பேச்சில் ஐ-பாஸ் என்ற இன்னொரு கையளிப்பு முறையின் ஆய்வும் அடிபடும். 9 வைத்தியசாலைகளில் நடந்து 2014இல் வெளியான அந்த ஆய்வில் மருத்துவத் தவறுகள் 23 வீதம் குறைந்தது உண்மை. ஆனால் அது குழந்தைகள் பிரிவில் பயிற்சி பெறும் வைத்தியர்களின் கையளிப்பைப் பற்றியது. அங்கே வி.ஆர். இல்லை, தாதியரும் இல்லை. அந்த எண்ணைக் காட்டி ஹெட்செட் விற்றால் ஏமாற வேண்டாம்.

பொதியோடு வரும் காட்சிகள் எல்லாம் வெளிநாட்டு வார்ட். இடுப்பெலும்பு முறிந்த மூதாட்டி, தனி அறை, கணினித் திரையில் நோயாளிக் குறிப்பு. எடிட்டர் மட்டும் இல்லாவிட்டால் பொதியைத் திருப்பி அனுப்பியிருக்கலாம். அதில் ஒரு டெங்குக் காட்சியை எழுதிப் போட்டதும் நிலைமை மாறியது.

காட்சி இது. 12ஆம் கட்டில், 28 வயதுப் பெண், நிறை 50 கிலோ. டெங்கு இரத்தப்போக்குக் காய்ச்சலின் அபாயக் கட்டத்தில் 20ஆவது மணித்தியாலம். நாட்டின் டெங்கு வழிகாட்டலின்படி இந்த நிறைக்கு 48 மணித்தியாலத் திரவ அளவு 4,600 மி.லீ.: பராமரிப்புத் திரவம் 2,100, அதோடு உடல் நிறையின் 5 வீதம் என்ற கணக்கில் 2,500. சார்ட்டில் இதுவரை ஏறியது 1,900. மிச்சம் 2,700, அதை அடுத்த 28 மணித்தியாலத்துக்குப் பங்கிட வேண்டும். இரத்த அழுத்தம் 100/80.

பொறி இரண்டு இடத்தில் இருக்கிறது. “பீ.பி. ஹன்ட்ரட் பை எய்ட்டி” என்று மாணவி சரளமாகச் சொல்லிவிட்டு அடுத்த விடயத்துக்குப் போய்விடுவார். மேலெண் 100 என்றதும் கேட்பவரின் மனமும் ஆறிவிடும். ஆனால் இரண்டு எண்ணுக்கும் இடையில் இருப்பது 20 மட்டுமே. நாடியழுத்த வித்தியாசம் 20 ஆகவோ அதற்குக் கீழாகவோ இறங்கினால் அது அதிர்ச்சி நிலை, வைத்தியரை உடனே கூப்பிட வேண்டிய நேரம். எண்ணை ஒப்பித்தவர் கையளிப்பைச் செய்யவில்லை. “வித்தியாசம் 20தான் இருக்கு, அக்கா, எச்.ஓ.வுக்கு இப்பவே சொல்லோணும்” என்று வார்ட் வைத்தியரைக் கூப்பிடச் சொன்னவர்தான் செய்தார்.

இரண்டாவது பொறி செவ்விளநீர். பார்வையாளர் நேரத்தில் தாயார் கொடுத்த 300 மி.லீ. திரவச் சார்ட்டில் ஏறவில்லை. 4,600 என்பது சேலைனுக்கு மட்டுமான கணக்கு அல்ல, வாயால் குடிப்பதும் அதில் அடக்கம். ஆகவே உண்மையில் உள்ளே போனது 2,200, மிச்சம் 2,400. கட்டிலருகே நின்று “அம்மா, பிள்ளைக்குக் குடிக்க என்ன குடுத்தீங்க?” என்று கேட்டால்தான் இது வெளிவரும். மேசையில் இருந்தபடி முடிக்கும் கையளிப்பில் வராது. வி.ஆரின் பலம் இங்கேதான் தெரிகிறது: மாணவர் நடந்து போய் அந்தத் தாயாரின் பக்கம் திரும்ப வேண்டும், போகிற வழியில் தொலைபேசி அடிக்கும். எடுப்பதா, விடுவதா? எடுத்துப் பேசிவிட்டுத் திரும்பும்போது பலர் பழைய இடத்தைத் தவறவிட்டு நேரே கடைசிப் படிக்குத் தாவுகிறார்கள். கதிரைப் பயிற்சியில் இந்தத் தாவலைப் பிடிக்கவே முடியாது.

இனிக் குறைகள். முதலாவது, மென்பொருளின் காது. ஆங்கிலத்தை மட்டும்தான் கேட்கிறது. கொழும்பு வார்டில் எழுத்து ஆங்கிலம், தாதியர் பேச்சு பெரும்பாலும் சிங்களம், கட்டிலில் கிடப்பவர் தமிழராகவும் இருக்கலாம். ஒரு வாக்கியத்திலேயே மூன்று மொழி ஓடும். அப்படிப் பேசினால் மென்பொருள் பாதியை விழுங்கிவிடுகிறது. ஃபிஃப்டீன், ஃபிஃப்டி இரண்டையும் குழப்புவதும் உண்டு. அதை மன்னிக்கலாம், மனிதரும் குழப்புவார்கள். “ஒன் ஃபைவ்” என்று இலக்கம் பிரித்துச் சொல்லும் பழக்கம் அதனால் வந்தால் நல்லதே. பதினைந்தும் ஐம்பதும் தமிழ்க் காதில் குழம்புவதில்லை என்பது வேறு கதை.

மொழியால் வரும் பெரிய இழப்பு வேறு. “மயக்கமா இருக்கு” என்று நோயாளி சொன்னால் தலை சுற்றுகிறதா, அரைத்தூக்கத்தில் இருக்கிறாரா, நினைவு தப்பி விழுந்தாரா? மூன்றுக்கும் அதே சொல். நெஞ்சு எரிகிறது, நோகிறது, அடைக்கிறது, மூன்றும் வேறு. மூன்றையும் ‘செஸ்ட் பெய்ன்’ என்று ஒரே பெட்டியில் போட்டுக் கையளித்தால் அடுத்த டியூட்டிக்காரருக்குப் போய்ச் சேர்வது பாதி நோயாளி. தமிழ் மாணவர் இங்கே சிங்கள மாணவருக்குச் சொல்லிக்கொடுக்கவே நிறைய இருக்கிறது. மெய்நிகர் நோயாளி ஆங்கிலம் மட்டும் பேசுவதால் அந்த வாய்ப்பே இல்லை. நோயாளியின் குரலை அணைத்துவிட்டு ஆசிரியர் பக்கத்தில் நின்று தமிழில் பேசுவது தற்காலிக வழி. அழகாக இருக்காது, ஆனால் வேலை செய்கிறது.

புள்ளி முறை மோசம். சொற்கள் வந்தனவா என்றுதான் எண்ணுகிறது. மேலே சொன்ன 100/80ஐ ஒப்பித்துவிட்டுப் போனவருக்கு அந்தப் பகுதியில் முழுப்புள்ளி விழும். யோசிக்க இரண்டு மூன்று விநாடி நிறுத்தினால் பேச்சு முடிந்ததாக எடுத்துக்கொண்டு வெட்டிவிடும். பேச்சு இணையம் வழியாக வேறெங்கோ போய் வருவதால், ஒரே வைஃபையில் பல ஹெட்செட் ஓடும்போது பதிலும் தாமதமாகிறது. மாணவர் அதைக் கேள்வி புரியாத மௌனம் என்று நினைத்து அதையே திரும்பச் சொல்ல, இரண்டு குரலும் மோதுகின்றன.

எழுதவும் முடியாது. உண்மையான வார்டில் பொறுப்பேற்பவர் ஒரு தாளில் குறித்துக்கொண்டே கேட்பார், நோயாளிக் குறிப்புகள் உள்ள பெட் ஹெட் டிக்கட்டைப் புரட்டி ஒத்துப்பார்ப்பார். இங்கே கையில் இருப்பது கொன்ட்ரோலர். ஆகவே இருவர் ஒரே காட்சிக்குள் வரும் வசதியைப் பயன்படுத்தி ஒருவரைக் கொடுப்பவராகவும் ஒருவரை ஏற்பவராகவும் வைப்பது நல்லது. ஏற்பவர் கேட்டதைத் திருப்பிச் சொல்ல வேண்டும். முடிந்ததும் ஹெட்செட்டைக் கழற்றி, 2 நிமிடத்துக்குள் கேட்டதைத் தாளில் எழுத வேண்டும். திரவ மிச்சம் அந்தத் தாளில் 2,700 என்று இருக்கிறதா, 2,400 என்று இருக்கிறதா? வாதத்துக்கே இடமில்லை. ஆனால் குவெஸ்ட் 3 முகத்தையோ கண்ணையோ படிப்பதில்லை. எதிரே நிற்பவர் புரியாமல் புருவம் சுருக்கினாலும் உருவம் மரப்பாச்சி மாதிரி நிற்கும். ஆகவே திருப்பிச் சொல்வதை ஒருபோதும் தவிர்க்க விடக்கூடாது.

சாதனம் பற்றிச் சில நடைமுறை விடயங்கள். 515 கிராம் எடை முகத்தில் தொங்கும். தாதிய மாணவிகளின் கொண்டை பின்பட்டி உட்காரும் இடத்திலேயே இருப்பதால் பட்டி மேலே வழுக்கிக் காட்சி மங்கலாகிறது. கொண்டையைக் கழுத்தோடு தாழ்த்திப் போடச் சொன்னால் பாதிப் புகார் தீரும். மீதிப் பாதி கண்மணி இடைவெளி, அதாவது இரண்டு கண்மணிக்கும் நடுவில் உள்ள தூரம். குவெஸ்ட் 3இல் சக்கரத்தைச் சுழற்றி அதற்குத் தக்கபடி பொருத்தலாம். விலை குறைந்த 3எஸ்ஸில் 58, 63, 68 மி.மீ. என்று மூன்று நிலைதான், இடையில் மாட்டுபவருக்குத் தலையிடி வரலாம். குளிரூட்டிய அறையில் இருந்த வில்லையை வியர்த்த முகத்தில் வைத்தால் பனி படியும். மாணவர் சற்று ஆறிய பிறகே மாட்ட வேண்டும். வில்லையில் ஸ்பிரிட் படக்கூடாது, உலர்ந்த மைக்ரோஃபைபர் துணி மட்டும். முகம் படும் இடத்துக்கு சிலிக்கோன் உறை போட்டு, ஆளுக்காள் துடையுங்கள். ஜன்னலோரம் வைக்கவே வேண்டாம், வெயில் வில்லை வழியே திரையைச் சுட்டுவிடும்.

நடந்து செய்யும் காட்சிக்கு ஆளுக்கு 2 மீற்றருக்கு 2 மீற்றர் வேண்டும். சாதாரண விரிவுரை அறையில் நான்கு பேருக்கு மேல் முடியாது. மின்கலம் ஏறத்தாழ 2 மணித்தியாலம் தாங்கும், ஆகவே காலை வகுப்புக்கும் பகல் வகுப்புக்கும் நடுவில் சார்ஜுக்கு நேரம் விடுங்கள். ஒருவருக்கு ஒரு தடவையில் 15 நிமிடம் போதும். கட்டிலுக்குக் கட்டில் வழுக்கிப் போகும் நகர்வை அணைத்துவிட்டு, போக வேண்டிய இடத்தைக் குறித்துத் தாவும் முறையை வையுங்கள். குமட்டல் வருவது பெரும்பாலும் அந்த வழுக்கலால்தான்.

15 நிமிடக் காட்சிக்குப் பின் 30 நிமிடம் பேச ஒதுக்காவிட்டால் மிஞ்சுவது விளையாட்டு மட்டுமே. ஒரு ஆசிரியர் நான்கு மாணவரோடு உட்கார்ந்தால் ஒரு சுற்றுக்கு ஒரு மணித்தியாலத்துக்கும் கிட்டப் போகும். நாற்பது பேர் உள்ள வகுப்புக்குப் பத்துச் சுற்று. விலைப் பட்டியலில் இந்த ஆசிரியர் நேரம் எங்கும் இல்லை, ஆனால் உண்மையான செலவு அதுதான்.

சந்தாவில் கையெழுத்திடும் முன் விற்பவரிடம் மூன்று கேள்வி. எடிட்டர் சந்தாவுக்குள்ளா, தனிக்கட்டணமா? நாம் எழுதிய காட்சி சந்தா முடிந்தபின் யாருக்குச் சொந்தம்? மாணவர் குரல் பதிவு எங்கே, எத்தனை நாள் கிடக்கும்? விளக்கக் காட்சிக்கு வரும்போது அவர்கள் கொண்டுவரும் மூதாட்டியைப் பார்த்துவிட்டு அனுப்பிவிடாதீர்கள். உங்கள் 12ஆம் கட்டிலை அங்கேயே எடிட்டரில் ஏற்றி, அதையே ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள்.