காந்தி வீதிப் பழைய புத்தகக் கடையும் ஒலிம்ப் தெ கூஜும்

புதுச்சேரி காந்தி வீதியில் ஞாயிறுதோறும் கூடும் சந்தையை அடுத்த குறுக்குத் தெருவில் உள்ள இந்தச் சிறிய கடைக்கு ஓராண்டாகப் போய்வருகிறேன். சொல்தா குடும்பங்கள், அதாவது பிரெஞ்சுப் படையில் பணியாற்றியோரின் குடும்பங்கள், வீட்டைக் காலி செய்யும்போது எடைக்குப் போடவிருக்கும் பிரெஞ்சு நூல்களைக் கடைக்காரர் நேரில் சென்று வாங்கிவருவதால், வேறெங்கும் கிடைக்காதவை இங்கே கிடைக்கின்றன.

சென்ற மாதம் எனக்குக் கிடைத்தது பிரெஞ்சுப் புரட்சிக்காலப் பெண் எழுத்தாளர் ஒலிம்ப் தெ கூஜின் வாழ்க்கை வரலாறு. 1748இல் தென்பிரான்சின் மோந்தோபானில் பிறந்த அவருக்குத் தாய்மொழி அப்பகுதியின் ஒக்சித்தான் மொழி. பிரெஞ்சில் தாம் சொல்லச் சொல்லப் பிறரை எழுதவைத்தே நூல்களை உருவாக்கினார். சிறுவயதில் முதன்முதலாக ஒரு கறுப்பினப் பெண்ணைக் கண்டு அவருடைய நிறத்தைப் பற்றிக் கேட்டதையும், அம்மக்களை அடிமையாக்கியது இயற்கையன்று, வலியோரின் வன்முறையும் தப்பெண்ணமுமே என்று வளர்ந்தபின் உணர்ந்ததையும் 1788இல் அவரே எழுதியிருக்கிறார். அடிமைகளைத் தலைமை மாந்தராக வைத்து அதே ஆண்டு அவர் அச்சிட்ட நாடகத்துக்கு ‘இந்திய நாடகம்’ என்பது துணைத்தலைப்பு. 1789 டிசம்பரில் பாரிஸில் அரங்கேறியபோது தோட்ட முதலாளிகளின் தரப்பு பெருங்கூச்சலிட்டது. நாடகம் மூன்றே முறை நடிக்கப்பட்டு நின்றுபோனது. 1793 நவம்பர் 3 அன்று அவர் கில்லட்டினில் கொல்லப்பட்டார். பிரெஞ்சுக் குடியேற்றங்களில் அடிமைமுறையை ஒழிக்கும் ஆணை 1794 பிப்ரவரி 4இல் வந்தது. அதைக் காண அவர் இல்லையே என்று அந்தப் பக்கத்திலேயே நெடுநேரம் நின்றுவிட்டேன்.

இந்நூலைக் கடைக்காரர் வைத்திருந்த இடத்தைச் சொல்லியாக வேண்டும். அவர் மொழிவாரியாக அடுக்குவதில்லை, பொருள்வாரியாகவே அடுக்குகிறார். பதினெட்டாம் நூற்றாண்டில் புதுச்சேரியில் வாழ்ந்த ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்புத் தொகுதி ஒன்றின் பக்கத்தில் இது இருந்தது. நம் ஊர்ப் பக்கத்து மக்களைக் கடத்தி அடிமைகளாகக் கப்பலேற்றிய செய்தியைப் பிள்ளை எழுதிவைத்திருக்கிறார் என்று அறிந்தவரே இப்படி அடுக்க முடியும். அந்த அடுக்கு இல்லையென்றால் கூஜின் பெயரை நான் கவனித்திருக்கவே மாட்டேன்.

குறைகளும் உண்டு. உள்ளறையில் வெளிச்சம் போதாது. நூலின் முதுகை ராமபாணப் பூச்சி அரித்திருந்தது. ஆனால், “நடுவுல பதினாறு பக்கம் இல்லீங்கம்மா, பாத்துட்டு எடுங்க” என்று அவரே பிரித்துக் காட்டி, 200 ரூபாயை 120 ஆகக் குறைத்துக்கொண்டார். விடுபட்ட பக்கங்களில் கூஜ் சிறையில் கழித்த மாதங்கள் போய்விட்டன. முழுப் பிரதி வந்தால் எனக்கென்று எடுத்துவைக்கச் சொல்லியிருக்கிறேன்.