அம்பாசமுத்திரம் மரச் சொப்பு: மூத்தவர்களின் பாட வேளையில் ஐந்து மாதம்

எங்கள் வீட்டில் மூத்த பிள்ளைகள் இருவரும் பள்ளிக்குச் செல்வதில்லை. 12 வயது மகள் தேசியத் திறந்தநிலைப் பள்ளி நிறுவனத்தின் அடிப்படைக் கல்வித் திட்டத்தில் எட்டாம் வகுப்புக்கு இணையான ‘சி’ நிலைக்கும், 9 வயது மகன் ஐந்தாம் வகுப்புக்கு இணையான ‘பி’ நிலைக்கும் வீட்டிலிருந்தே படித்து வருகிறார்கள். காலை ஒன்பது மணி முதல் பன்னிரண்டு வரை பாட வேளை. அந்த மூன்று மணி நேரத்தில் எனக்குச் சிரமம் தந்தது இயற்கணிதமோ இலக்கணமோ அல்ல, மேசைக்கடியில் உட்கார்ந்துகொண்டு அண்ணனின் காலைச் சுரண்டும் மூன்றரை வயது இளையவள்தான். அவளுக்காக அம்பாசமுத்திரம் கடைத்தெருவில் 850 ரூபாய்க்கு வாங்கிய 24 உருப்படிகள் கொண்ட மரச் சொப்புப் பெட்டியைப் பற்றியதே இந்த மதிப்புரை. ஐந்து மாதம் அன்றாடம் பயன்படுத்திய பிறகு எழுதுகிறேன்.

இந்தப் பெட்டி ஒரு மணி நேர அமைதியை வாங்கித் தராது. ஓர் அமர்வுக்கு இருபது முதல் இருபத்தைந்து நிமிடம் தருகிறது. நாளுக்கு இரண்டு முறை, அவள் நன்றாகத் தூங்கி எழுந்த நாளென்றால் மூன்று முறை. ஒரு பாடத்தைச் சொல்லிக்கொடுத்து, கணக்கைப் போடவிட்டு, நிமிர்ந்து பார்ப்பதற்கு அது போதுமான நேரம் என்பதால் நான் இதை நல்ல கொள்முதல் என்றே சொல்வேன்.

இதற்கு முன் இரண்டு பொருள்களை வாங்கி ஏமாந்தேன். முதலாவது, மின்கலத்தில் இயங்கும் நெகிழி அடுப்பு. பொத்தானை அழுத்தினால் எண்ணெய் பொரியும் ஓசை வரும், அத்துடன் ஒரு பாட்டும் வரும். அந்தப் பாட்டு முடிவதற்குள் மகன் எழுதிக்கொண்டிருந்த வகுத்தல் கணக்கு நின்றுவிடும். வேலை முழுவதையும் அடுப்பே செய்துவிடுவதால் குழந்தைக்குச் செய்ய ஒன்றும் மிஞ்சவில்லை, நான்கே நாளில் அதைத் திரும்பியும் பார்க்காமல் போனாள். இரண்டாவது, இணையத்தில் ‘மரச் சொப்பு’ என்ற பெயரில் வந்த பெட்டி. பிரித்ததும் வண்ணப்பூச்சு வாடை அடித்தது. ஈரமான வெள்ளைத் துணியால் துடைத்தபோது சிவப்பு ஒட்டிக்கொண்டது, பத்தே நாளில் விளிம்புகளில் சில்லுச் சில்லாக உதிர்ந்தது. கைப்பேசியைக் கொடுத்துப் பார்க்கவில்லையா என்று உறவினர்கள் கேட்டார்கள். கொடுத்துப் பார்த்தேன். 3, 4 வயதுப் பிள்ளைகள் திரைமுன் உட்காரும் நேரம் நாளுக்கு ஒரு மணியைத் தாண்டக் கூடாது என்று உலக சுகாதார அமைப்பு 2019இல் வெளியிட்ட வழிகாட்டுதல் சொல்கிறது. அந்த ஒரு மணி எங்கள் வீட்டில் பத்து மணிக்குள்ளேயே தீர்ந்துவிடும், அதற்குப் பின் வரும் அழுகை பதினொன்று வரை நீளும்.

அதன் பிறகுதான் பாளையங்கோட்டையிலிருந்து பேருந்து ஏறி நேரிலேயே போய்ப் பார்த்து வாங்குவது என்று முடிவு செய்தேன். இவை கடைசல் வேலைப்பாடு. மரத்துண்டைக் கடைசல் இயந்திரத்தில் சுழலவிட்டு உளியால் வடிவம் கொடுத்தபின், சுழலும் மரத்தின்மீதே வண்ண அரக்குக் குச்சியை அழுத்துவார்கள். உராய்வின் சூட்டில் அரக்கு உருகி மரத்தின்மேல் படிந்துவிடுகிறது. தூரிகையால் பூசிய வண்ணம் போல இது உரிந்து வருவதில்லை, நாளடைவில் தேயத்தான் செய்கிறது. கர்நாடகத்துச் சென்னப்பட்டண பொம்மைகளும் இதே முறையில் ஆனவைதாம். அவற்றுக்கு மரபாக வெட்பாலை மரத்தைப் பயன்படுத்துகிறார்கள், தாழை மடலால் தேய்த்து மெருகேற்றுகிறார்கள். அவற்றையும் வாங்க எண்ணியதுண்டு. ஆனால் நான் பார்த்த பெட்டிகளில் தேநீர்க் கோப்பைகளே மிகுதி. என் மகளுக்குத் தெரிந்த சமையலறையில் இருப்பதோ இட்லிக் கொப்பரையும் தோசைக்கல்லும்.

அடுப்பு, பானை, மூடியுடன் இரண்டு சட்டி, குடம், செம்பு, இட்லிக் கொப்பரை, தோசைக்கல், உரல் உலக்கை, திருகை, கரண்டிகள், நான்கு டம்ளர்கள், தட்டுகள் ஆகியவை பெட்டியில் இருந்தன. சிவப்பு, மஞ்சள், பச்சை என மூன்றே நிறங்கள். திருகையின் மேற்கல் உண்மையிலேயே சுற்றுகிறது, பெட்டியிலேயே சிறந்த உருப்படி அதுதான். பொரியைப் போட்டு அவள் அரைக்கிறாள். பொரி அரைபடுவதில்லை, ஓரமாகச் சிதறுகிறது. சிதறியதை விரல் நுனியால் ஒவ்வொன்றாகப் பொறுக்கி மீண்டும் குழியில் போடுகிறாள். இந்த ஒரு வேலையிலேயே பன்னிரண்டு நிமிடம் போனதை ஒருநாள் கடிகாரத்தைப் பார்த்துக் குறித்துக்கொண்டேன். அதே பன்னிரண்டு நிமிடத்தில் முக்காலையும் மூன்றில் இரண்டையும் கூட்டுவதற்குப் பகுதிகளை ஏன் பன்னிரண்டாக்க வேண்டும் என்பதை மகனுக்கு விளக்கி முடித்திருந்தேன்.

பெட்டியை எடுத்துக் கையில் கொடுத்துவிட்டால் மட்டும் இது நடந்துவிடாது. முதல் பத்து நிமிடம் நானும் பாயில் உட்கார்ந்து ‘சாப்பிட்டுவிட்டு’ எழ வேண்டும். அந்தப் பத்து நிமிடத்தை மிச்சம் பிடிக்க நினைத்த நாள்களிலெல்லாம் ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை மேசைக்குச் சாம்பார் வந்து சேர்ந்தது. அவளை வேறு அறையில் உட்கார வைக்கும் முயற்சியும் பலிக்கவில்லை. அக்காவும் அண்ணனும் கண்ணுக்குத் தெரிகிற தொலைவில், ஆனால் கை எட்டாத தொலைவில் பாயை விரித்தபோதுதான் ஆட்டம் நிலைத்தது. பாயும் அவசியம், ஏனெனில் மொசைக் தரையில் மரம் விழும் ஓசை எரிச்சலூட்டும். எங்களிடம் இருப்பது பத்தமடைக் கோரைப்பாய். அம்பாசமுத்திரம் போகும் வழியிலேயே இருக்கும் ஊர் அது.

‘அண்ணே, சோறு வெந்துட்டு, வா’ என்று நடுவில் அழைப்பு வருவதை முழுதாக நிறுத்த முடியவில்லை. கணக்கு முடிந்ததும்தான் கடை திறக்கும் என்று ஓர் ஒழுங்கு வைத்தோம். இடைவேளையில் மகன் போய் இட்லி கேட்பான், அக்கா துண்டுச் சீட்டில் பில் எழுதுவாள், சின்னவள் அந்தச் சீட்டைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு ‘நூறு ரூவா’ என்பாள். எதைத் தின்றாலும் நூறு ரூபாய்தான்.

இனி குறைகள். கடைசல் பொருள்கள் யாவும் வட்டமானவை, வட்டமானவை உருளும். சட்டியின் மூடி ஒன்று பீரோவுக்கடியில் ஓடிவிட்டால் அன்றைய வரலாற்றுப் பாடம் முடிந்தது என்று வைத்துக்கொள்ளலாம். ஒருவர் துடைப்பத்தையும் மற்றவர் டார்ச்சையும் எடுத்து வந்துவிடுவார்கள். இதுவரை இப்படி ஏழெட்டு முறை நடந்திருக்கிறது, இரண்டு மூடிகள் அகப்படவேயில்லை. மூடியின் அடியைச் சற்றுத் தட்டையாகக் கடைந்திருந்தால் இவ்வளவு தொல்லை இருக்காது.

அடுத்தது அளவு. வாய்க்குள் போகக்கூடிய சிறு பாகங்களைக் கண்டறியப் பொம்மைப் பாதுகாப்புச் சோதனையில் 31.7 மில்லிமீட்டர் விட்டமுள்ள உருளையைப் பயன்படுத்துகிறார்கள். அதற்குள் முழுதாக அடங்கும் எதையும் 3 வயதுக்குட்பட்ட குழந்தைகளிடம் தரக் கூடாது. காகிதத்தில் அந்த அளவுக்குக் குழாய் செய்து பார்த்ததில் டம்ளர்கள் நான்கும் உள்ளே போய்விட்டன. என் மகள் பொருளை வாயில் வைக்கும் வயதைக் கடந்துவிட்டாள். இருந்தும் பக்கத்து வீட்டுக் கைக்குழந்தை வருகிற நாளில் டம்ளர்களை எடுத்து ஒளித்துவிடுகிறேன். இந்தியாவில் 2021 ஜனவரி 1 முதல் பொம்மைகளுக்கு ஐ.எஸ்.ஐ. முத்திரை கட்டாயம் என்றாலும், பதிவு பெற்ற கைவினைஞர்களின் பொருள்களுக்கு அதிலிருந்து விலக்கு உண்டு. ஆகவே முத்திரை இல்லாததை நான் குறையாகக் கொள்ளவில்லை. சிலாம்பு இருக்கிறதா, விளிம்பு கூர்மையாக இருக்கிறதா என்று ஒவ்வொன்றாகத் தடவிப் பார்க்க வேண்டிய பொறுப்பு மட்டும் வாங்குபவரின் தலையில் விழுகிறது. எங்கள் பெட்டியில் உலக்கையின் நுனியை உப்புத்தாள் போட்டுத் தேய்க்க வேண்டியிருந்தது.

பராமரிப்பில் நேர்ந்த தவறு என்னுடையது. சளிக்காலத்தில் எல்லாவற்றையும் சானிடைசரால் துடைத்தேன். சானிடைசரில் இருக்கும் ஆல்கஹாலில் அரக்கு கரையும் என்பது அப்போது நினைவுக்கு வரவில்லை. தோசைக்கல்லின் மெருகு மங்கி, கையில் பிசுபிசுத்தது. இப்போது ஈரத்துணியால் துடைத்து உடனே உலர்த்துவதோடு சரி. ஊற வைப்பதோ வெயிலில் காய வைப்பதோ கிடையாது. ஐப்பசி மழையில் ஒரு சட்டியின் மூடி உப்பி இறுகிக்கொண்டது, கார்த்திகை கடைசியில் தானாகவே கழன்றது.

புதுமை தேய்ந்துவிடாமலிருக்க, பன்னிரண்டு உருப்படிகளை மட்டும் வெளியே வைத்து மற்றவற்றைப் பரணில் ஏற்றிவிடுகிறேன். திங்கட்கிழமைதோறும் மாற்றுகிறேன். பாட வேளை முடிந்ததும் எல்லாமே பெட்டிக்குள் போய்விடும், மாலையில் அழுதாலும் எடுப்பதில்லை. இந்தக் கண்டிப்பு இல்லாமல் எல்லாவற்றையும் நாள் முழுவதும் தரையில் பரப்பிவிட்டிருந்த முதல் இரண்டு வாரங்களில், காலை ஒன்பது மணிக்குச் சொப்புக்கு எந்த மதிப்பும் இருக்கவில்லை.

மூன்று வயதுக்குட்பட்ட குழந்தை உள்ளவர்கள் இந்தப் பெட்டியை வாங்க வேண்டாம். ஐந்து வயதைத் தாண்டிய பிள்ளை தனியே இதில் நீண்ட நேரம் ஒன்றுவான் என்றும் நான் நினைக்கவில்லை. மூன்றிலிருந்து நான்கரை வரை உள்ளவர்களுக்குத் தயக்கமின்றி வாங்கலாம்.

தொலைந்த மூடிகளுக்காகச் சென்ற மாதம் மீண்டும் அதே கடைக்குப் போயிருந்தேன். உதிரியாகவே தருகிறார்கள், இரண்டும் சேர்த்து 40 ரூபாய். போகிறவர்கள் சட்டியையும் கையோடு எடுத்துச் செல்லுங்கள். கையால் கடைந்த பொருள் என்பதால் ஒன்றின் மூடி மற்றொன்றுக்குச் சேர்வதில்லை. பதினொரு மூடிகளைப் போட்டுப் பார்த்த பிறகுதான் எங்களுடையதற்குச் சரியான ஒன்று கிடைத்தது, அதுவும் பச்சைச் சட்டிக்கு மஞ்சள் மூடி.