சீனி இல்லை என்ற ஒட்டுத்தாளை நம்பி கிரானோலா வாங்காதீர்கள்

சுங்கை சிப்புட் வட்டாரத்தில் வீட்டிலேயே கிரானோலா (ஓட்ஸ், கடலை, விதைகள் கலந்து வாட்டிய காலை உணவு) தயாரித்து, "சீனி சேர்க்காதது, இனிப்பு நீர் உள்ளவர்களுக்கு உகந்தது" என்று புலனக் குழுக்களில் விளம்பரப்படுத்தி விற்கும் ஒருவரிடம், பால்மரம் வெட்டி ஓய்வு பெற்ற, நீரிழிவு உள்ள என் தந்தைக்காக ஒரு பொட்டலம் வாங்கி ஏமாந்தேன். மாவுச்சத்தை (சர்க்கரையும் சேர்ந்த கார்போஹைட்ரேட்டை) கணக்கிட்டு உண்பவர்கள் எச்சரிக்கையாக இருக்க வேண்டும் என்பதற்காக அந்த விவரத்தை எழுதுகிறேன்.

அரைக் கிலோ பொட்டலத்தின் விலை 38 வெள்ளி. 50 கிராமில் மாவுச்சத்து 9 கிராம் மட்டுமே என்று ஒட்டுத்தாளில் அச்சிட்டிருந்தார்கள். சேர்மானப் பட்டியல் மட்டும் இல்லை. காலையில் அதைப் பாலில் கலந்து சாப்பிட்ட தந்தைக்கு, இரண்டு மணி நேரம் கழித்து இரத்தச் சர்க்கரையைக் கருவியில் பார்த்தபோது லிட்டருக்கு 14.2 மில்லிமோல் காட்டியது. மருந்து வேளையில் மாற்றம் எதுவும் இல்லை. தோசை சாப்பிட்ட நாளில்கூட அவருக்கு அவ்வளவு ஏறியதில்லை.

பொட்டலத்தைத் தட்டில் கொட்டிப் பார்த்தேன். கட்டிகள் பளபளத்தன, அடியில் பேரீச்சைத் துண்டுகளும் உலர்திராட்சையும் பாகோடு ஒட்டிக்கிடந்ததால், கரண்டியின் விளிம்பால் சுரண்டித்தான் எடுக்க முடிந்தது. விற்றவரிடம் கேட்டதற்கு, "சீனி ஒரு கரண்டிகூடப் போடவில்லை அக்கா, தேன் இயற்கையானதுதானே" என்று பதில் வந்தது. வற்புறுத்திய பிறகு அளவுகளையும் அனுப்பினார்: ஓட்ஸ் 500 கிராம், தேன் ஒரு கப், பேரீச்சையும் திராட்சையும் 200 கிராம், பாதாம், பூசணி விதை தலா 100 கிராம், சிறிது எண்ணெய்.

ஒரு கப் தேன் ஏறக்குறைய 340 கிராம் எடையுள்ளது. அதில் சுமார் 280 கிராம் சர்க்கரைதான். உலர் ஓட்ஸில் நூற்றுக்கு 66 கிராமும், உலர்பழங்களில் முக்கால் பங்குக்கு மேலும் மாவுச்சத்து. எல்லாவற்றையும் கூட்டி, அடுப்பில் ஈரம் வற்றிய பின் மிஞ்சும் எடையால் வகுத்தால், 50 கிராம் கிரானோலாவில் 33 கிராம் மாவுச்சத்து வருகிறது. அதில் நார்ச்சத்து மூன்று கிராமுக்குச் சற்று அதிகம், அவ்வளவே. இரண்டு துண்டு ரொட்டியைவிட அதிகமான அந்த அளவை ஒன்பது என்று அச்சிட்டதை அறியாமை என்று என்னால் ஏற்க முடியவில்லை. அதிலும் 50 கிராம் என்பது அரைக் கப்தான். பசியோடு உட்காருபவர் கிண்ணம் நிறையப் போட்டுக்கொள்வார்.

மாவுச்சத்தைக் குறைத்துக் கிரானோலா செய்யவே முடியாது என்பதல்ல. ஓட்ஸை 100 கிராமாகக் குறைத்து, பாதாம் 150 கிராம், நிலக்கடலை, பூசணி விதை, இனிப்பூட்டாத உலர்தேங்காய்த் துருவல் ஆகியவற்றை 100 கிராம் வீதம் சேர்த்து, தேனுக்குப் பதிலாக முட்டை வெள்ளைக்கருவை ஊற்றிப் பிசறி, பட்டைத் தூள் தூவி வாட்டினால், 50 கிராமுக்கு 13 கிராம் அளவில் நின்றுவிடும். அதில் ஐந்து கிராம் நார்ச்சத்து. கொழுப்பு கூடுவதால் கலோரி குறையாது என்பதையும் சொல்லிவிட வேண்டும். எடையைக் குறைக்க நினைப்பவர்கள் ஒரு கைப்பிடியோடு நிறுத்திக்கொள்வது நல்லது. கடலையும் விதைகளும் கடைத்தெருவிலேயே கிடைக்கும்.

விற்பவரிடம் வாங்கியே ஆக வேண்டுமென்றால், சேர்மானப் பட்டியல் இல்லாத பொட்டலத்தைத் தொடாதீர்கள். மலேசியாவின் 1985-ஆம் ஆண்டு உணவு விதிமுறைகளின்படி, பொட்டலத்தில் விற்கப்படும் உணவின் சேர்மானங்களை எடையின் இறங்கு வரிசையில் குறிப்பிட வேண்டும்; தேன், பேரீச்சைப் பாகு, குலா மலாக்கா (தென்னை வெல்லம்) ஆகியவற்றில் எதுவும் முதல் மூன்று இடங்களுக்குள் இருந்தால் அது உங்களுக்கானது அல்ல.

எனக்குப் பணம் திரும்பக் கிடைக்கவில்லை, குழுவிலிருந்தும் நீக்கப்பட்டேன். அதே ஒட்டுத்தாளோடு விற்பனை இன்னும் நடக்கிறது. மாவட்டச் சுகாதார அலுவலகத்தில் பொட்டலத்தோடு புகார் கொடுத்திருக்கிறேன். பயனீட்டாளர் கோரிக்கை நடுவர் மன்றத்தில் ஐந்து வெள்ளிக் கட்டணத்தில் வழக்குப் பதியலாம் என்பதால், இவரிடம் வாங்கியவர்கள் ஒட்டுத்தாளையும் பணம் செலுத்திய சான்றையும் தூக்கி எறியாமல் வைத்திருங்கள்.