ஆபரேஷனுக்கு முன் சுகர்: மீட்டரா, ஆப்பா, கையில் ஒட்டும் சென்சாரா?

மூட்டு மாற்றோ ஹெர்னியாவோ, தேதி குறிக்கும்போதே "முதல்ல சுகரைக் கட்டுக்குள்ள கொண்டு வாங்க" என்று சொல்லி அனுப்பிவிடுவார்கள். மூன்று மாத அளவைக் காட்டும் ஹெச்பிஏ1சி முடிந்தவரை 8 சதவீதத்துக்குக் கீழே, ஆபரேஷனை ஒட்டிய மணி நேரங்களில் சுகர் 100 முதல் 180-க்குள் என்பது அமெரிக்க நீரிழிவுச் சங்கத்தின் கணக்கு. சரி, அதுவரை வீட்டில் எதை வைத்துப் பார்ப்பது?

மாத்திரை மட்டும் போடுபவர் என்றால் என் ஓட்டு சாதாரண குளுக்கோமீட்டருக்கு. வலங்கைமான் பக்கத்துக் கிராமத்திலிருந்து சும்மா சும்மா கும்பகோணம் ஓட முடியாது. மீட்டர் காட்டுவதைப் போட்டோ எடுத்து டாக்டருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பினால் போதும். கையைக் கழுவி, ஈரம் துடைத்துவிட்டுக் குத்துங்கள். பூவன்பழம் உரித்த விரல் இல்லாத சுகரையும் காட்டும்.

ப்ளூடூத் மீட்டரோடு ஆப்பும் இருந்தால் எழுதி வைக்கும் வேலை இல்லை. அப்பா மன்னார்குடியில், மகள் சென்னையில் என்றால் ரொம்பவே வசதி. வில்லங்கம் ஆப்பின் மாத்திரை நினைவூட்டலில்தான். சுகர் மாத்திரைகளில் மெட்ஃபார்மினைப் பொதுவாக ஆபரேஷன் அன்று போடக் கூடாது. டாபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் மாத்திரைகளை 3 நாள் முன்பே நிறுத்தச் சொல்வார்கள். இவற்றைப் போட்டுக்கொண்டு பட்டினி கிடக்கும்போது ரத்தத்தில் அமிலம் சேர்ந்துவிடலாம், அதுவும் சுகர் பெரிதாக ஏறாமலேயே. மீட்டரும் கண்டுபிடிக்காது, ஆப்பும் கண்டுபிடிக்காது. நாம் போய் மாற்றாவிட்டால் ஆப் அன்று காலையிலும் "மாத்திரை போட்டாச்சா?" என்று மணியடிக்கும். வீட்டுப் பெரியவர்களோ மணியடித்தால் போட்டுவிடுவார்கள்! டாக்டர் நிறுத்தச் சொன்ன அன்றே அந்த மணியையும் அணைத்துவிடுங்கள்.

இன்சுலின் போடுபவர்கள், அதிலும் ராத்திரியில் லோ சுகர் ஆகிறவர்கள், சில ஆயிரம் செலவானாலும் சென்சார் ஒட்டிக்கொள்ளலாம். லிப்ரே என்ற சென்சார் ஒன்று, வகையைப் பொறுத்து 14 அல்லது 15 நாள் வரும். தூக்கத்தில் சுகர் இறங்கியது காலையில் கோடாகத் தெரியும். மீட்டரால் இது முடியாது. ஆனால் அது அளப்பது ரத்தத்தை அல்ல, தோலுக்கடியில் உள்ள நீரை. அதனால் சுகர் வேகமாக மாறும்போது சில நிமிடம் பின்தங்கும். அந்தக் கைமேலேயே படுத்துத் தூங்கினால் பொய்யாகக் குறைத்தும் காட்டும்.

ஆபரேஷன் தியேட்டருக்குள் சென்சாரை மட்டும் நம்பி இன்சுலின் கொடுப்பது சரியான முறை இல்லை. ரத்தம் எடுத்துத்தான் பார்க்க வேண்டும். அதனால் "இதுதான் ஒட்டியிருக்கே, மறுபடி ஏன் குத்துறீங்க?" என்று நர்ஸம்மாவிடம் சண்டைக்குப் போகாதீர்கள். எந்தக் கையில் ஒட்டியிருக்கிறது என்பதை மட்டும் மயக்க டாக்டரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். கழற்றுவதா வேண்டாமா என்பதை அவர் பார்த்துக்கொள்வார்.