உங்கள் கணினியிலே பல்சார் தேடலாம்: ஐன்ஸ்டைன் அட் ஹோம், திருகோணமலைக்குச் சரிவருமா?

தென்னாபிரிக்காவின் மீர்கட் ரேடியோ தொலைநோக்கி பதிந்த தரவைத் துண்டு துண்டாக வீட்டுக் கணினிகளுக்கு அனுப்பி, பல்சார் துடிப்பைத் தேடவைக்கும் இலவசச் சேவை இது. பல்சார் என்பது சுழன்றபடி ஒழுங்கான இடைவெளியில் ரேடியோத் துடிப்பு அனுப்பும் செத்த நட்சத்திரம். ஐன்ஸ்டைன் அட் ஹோம் 2005இலிருந்து இயங்குகிறது; மீர்கட் தரவு பின்னர்தான் சேர்ந்தது. 2010இல் புவேர்ட்டோ ரிக்கோவின் அரெசிபோ ரேடியோ தொலைநோக்கித் தரவில், செக்கனுக்கு 41 தரம் சுழலும் ஒரு பல்சாரைத் தன்னார்வலர்களின் கணினிகளே கண்டுபிடித்துக் கொடுத்தன.

இவ்வளவு கணினிகள் ஏன்? வேகமாகச் சுழலும் பல்சார்கள் பெரும்பாலும் இன்னொரு நட்சத்திரத்தோடு சோடியாகவே இருக்கும். அதைச் சுற்றும்போது பல்சார் எங்களை நெருங்கியும் விலகியும் போவதால் (டொப்ளர் விளைவு) துடிப்பின் இடைவெளி கூடிக் குறைய, சாதாரணத் தேடலில் சமிக்ஞை கரைந்துவிடும். சுற்றுப்பாதை இப்படியிருந்தால், அப்படியிருந்தால் என்று ஆயிரக்கணக்கில் ஊகித்து, ஒவ்வொன்றுக்கும் கணக்கை முதலிலிருந்து போடவேண்டும்.

இப்படியான தன்னார்வக் கணிப்புத் திட்டங்களை ஓட்டும் பொயிங்க் (BOINC) மென்பொருளை நிறுவி, திட்டங்களின் பட்டியலில் இதைத் தெரிவு செய்து, அமைப்புகளில் மீர்கட் தேடலை மட்டும் டிக் பண்ணுங்கள். அதற்குக் கிராபிக்ஸ் கார்ட் கட்டாயம். கார்ட் இருந்தும் இல்லையென்று காட்டினால், பெரும்பாலும் விண்டோஸ் தானாகப் போட்ட டிரைவர்தான் காரணம். கார்ட் தயாரிப்பாளரின் டிரைவரைப் போடுங்கள். முன்கூட்டியே இறக்கிவைக்கும் கையிருப்பு வேலை அரை நாளுக்குப் போதும். கூட வாங்கிவைத்துக் கெடு தாண்டினால், செய்த கணக்கு வீண்.

கரண்ட் போவதற்குப் பயப்படத் தேவையில்லை. இடையிடையே சேமித்துக்கொள்வதால், விட்ட இடத்துக்குக் கிட்டவிருந்தே தொடரும். இதை மிக நன்றாகச் செய்திருக்கிறார்கள்.

எங்கள் ஊரில் உண்மையான எதிரி உப்புக்காற்று. உப்புவெளிப் பக்கம் கடலோர வீடுகளில், சூட்டை வெளியேற்றும் ஹீட்சிங்க் தகடுகளுக்கிடையே உப்பும் தூசும் ஈரத்தில் களிபோல இறுகிவிடும், ஊதினால் அசையாது. கணினியை நிறுத்தி, பிளக்கைக் கழற்றி, ஐசோபுரோப்பைல் அல்ககோல் தொட்ட மெல்லிய தூரிகையால் எடுக்கவேண்டும். வெக்கையான கச்சான் காற்று வீசும் மாதங்களில் பகலில் நிறுத்தி இரவில் மட்டும் ஓடவிடுங்கள். ஒரே துண்டு இரண்டு கணினிகளுக்குப் போய் விடைகள் ஒப்பிடப்படும். சூடேறிய கார்டோ ஓவர்குளொக் செய்த (வழமையை விட வேகமாக ஓடவைத்த) கார்டோ பிழையான விடை தந்தால் அது தள்ளுபடி, எரித்த கரண்டும் நட்டம்.

செலவையும் பாருங்கள்: 150 வாட் கூடுதலாக இழுக்கும் கார்டை இரவில் 8 மணித்தியாலம் ஓட்டினால், மாதம் 36 யுனிட். உங்கள் பில் அடுத்த கட்டணப் படிக்கு ஏறுமென்றால், ஒன்றுவிட்டு ஒரு நாள் ஓட்டுங்கள்.

மனதுக்கு ஒப்பாத ஒன்று, புள்ளிப் பட்டியல். எவ்வளவு கணக்குப் போட்டோம் என்று சொல்லுமே தவிர, உங்கள் துண்டில் என்ன தெரிந்தது என்று புதியவருக்கு விளங்கும்படி காட்டாது. லப்டொப்பில் மட்டும் வேண்டாம். அந்தச் சின்ன விசிறி இந்த வெக்கையைத் தாங்காது.