கெட்ட ரிவ்யூவைத் தூக்கித் தருகிறோம் என்று வருபவர்களிடம் உஷார்!

கேரளாவில் பாலக்காடு ஜில்லா கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம், கோபாலபுரம், கோவிந்தாபுரம் பக்கம் சைட் (வீட்டுமனை) போட்டு விற்பவர்கள், புரோக்கர் ஆபீஸ் வைத்திருப்பவர்கள் இதைக் கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள். "உங்க கூகுள் பக்கத்துல இருக்கற கெட்ட ரிவ்யூ எல்லாத்தையும் தூக்கிடறோம், பாலக்காடு சைட்னு தேடினா உங்க பேரு முதல் பக்கத்துல வரும்" என்று சொல்லிக்கொண்டு கோயம்புத்தூரிலிருந்து ஒரு ஏஜென்சி ஆபீஸ் ஆபீஸாக ஏறி இறங்குகிறது. எங்களிடம் மாதம் 18,000 ரூபாய் வாங்கினார்கள், ரிவ்யூ தூக்குவதற்குத் தனியாக ஒன்றுக்கு 4,500. அவர்கள் செய்த வேலையில் எங்களுக்கு இருந்த பெயரும் போனது. ஏஜென்சியின் பெயரை இப்போது போடவில்லை, வக்கீல் நோட்டீஸ் போயிருக்கிறது, அது ஒரு முடிவுக்கு வரட்டும். ஆனால் அவர்கள் வேலை செய்யும் விதத்தை முழுசாகச் சொல்லிவிடுகிறேன், வேறு பெயரில் வந்தாலும் உங்களுக்கு அடையாளம் தெரியும்.

நானும் என் மச்சானும் சேர்ந்து நடத்தும் சின்ன ஆபீஸ்தான் எங்களுடையது. 2024 ஆகஸ்டில் கஞ்சிக்கோடு பக்கம் வரும் பாலக்காடு தொழில் ஸ்மார்ட் சிட்டிக்கு மத்திய மந்திரிசபை ஒப்புதல் கொடுத்ததிலிருந்து இந்தப் பக்கம் எப்படி ஆகிவிட்டது என்று உங்களுக்கே தெரியும். கோயம்புத்தூர்க்காரர்கள், பொள்ளாச்சிக்காரர்கள், கல்ஃபில் இருப்பவர்கள் என்று எல்லாரும் போனைப் போடுகிறார்கள், போடும் முன்னால் கூகுளில் எத்தனை ஸ்டார் என்று பார்த்துவிடுகிறார்கள். எங்களுக்கு 4.3 இருந்தது. நல்ல ரிவ்யூக்களுக்கு நடுவே மூன்று ஒற்றை ஸ்டார். ஒன்று, பக்கத்தில் ஏறக்குறைய எங்கள் பெயரிலேயே இருக்கும் இன்னொரு லேஅவுட்டைப் பற்றி யாரோ தவறுதலாக எங்கள் பக்கத்தில் போட்டது. இன்னொன்று, யாரென்று எங்களுக்கே தெரிந்த ஒரு போட்டி புரோக்கர் போட்டது. மூன்றாவது நிஜம். பொள்ளாச்சிப் பக்கத்து வாத்தியார் ஒருவர், எங்களிடம் 6 சென்ட் வாங்கியவர், தண்ணீர் பைப் லைன் சொன்ன நேரத்துக்கு வரவில்லை என்று நாலு வரி எழுதியிருந்தார். அவர் எழுதியதில் ஒரு வார்த்தை பொய் கிடையாது.

ஏஜென்சி ஆள் வந்து உட்கார்ந்து லேப்டாப்பைத் திறந்து, மூன்றையும் ஒரு மாதத்தில் காணாமல் போக வைக்கிறேன், கூகுளில் எங்களுக்கு உள்ளே ஆள் இருக்கிறது என்றான். இந்த "உள்ளே ஆள்" என்ற பேச்சு வந்தாலே அவனை வெளியே அனுப்பிவிடலாம். கூகுள் காசு வாங்கிக்கொண்டு ரிவ்யூவை எடுப்பதில்லை. போட்டியாளர் போட்டது, சம்பந்தமில்லாத இடத்தைப் பற்றியது, வசை, இப்படி அவர்கள் கொள்கைக்கு விரோதமாக இருந்தால் உங்கள் பிசினஸ் பக்கத்திலிருந்தே ரிப்போர்ட் பண்ணலாம், அதற்கு ஒரு பைசா செலவில்லை. மறுத்துவிட்டால் ஒரு தடவை மேல்முறையீடும் செய்யலாம். நிஜமான வாடிக்கையாளர் தன் அனுபவத்தை எழுதியிருந்தால் நீங்கள் என்ன கெஞ்சினாலும் அது போகாது, போகவும் கூடாது. எங்கள் விஷயத்தில் முதல் இரண்டும் போயின. அந்த இலவச பட்டனை அமுக்கியதற்குத்தான் 9,000 ரூபாய் பில்.

மூன்றாவதுக்கு அவர்கள் என்ன செய்தார்கள் என்பது எங்களுக்கு வாத்தியார் போன் பண்ணின பிறகுதான் தெரிந்தது. "ஏனுங்க, உங்கள நம்பித்தான எடம் வாங்குனேன்? தண்ணி வர்லைனு எழுதுனதுக்கு வக்கீல வெச்சு மிரட்டறீங்களா?" என்றார். எனக்கு ஒன்றும் புரியவில்லை. விசாரித்தால், வக்கீல் ஆபீஸிலிருந்து பேசுகிறோம், அவதூறு கேஸ் போடப் போகிறோம், சைபர் போலீஸில் புகார் ரெடியாக இருக்கிறது, இன்று சாயந்திரத்துக்குள் ரிவ்யூவை எடுக்காவிட்டால் வீட்டுக்கு ஆள் வரும் என்று எவனோ அவரிடம் பேசியிருக்கிறான். அவருடைய நம்பர் எப்படிப் போனது என்று கேட்காதீர்கள், விளம்பரத்துக்கு வேண்டும் என்று எங்கள் கஸ்டமர் லிஸ்ட்டை ஏஜென்சி முதல் வாரமே வாங்கி வைத்திருந்தது. வாத்தியார் லேசுப்பட்டவர் இல்லை, பேசியதை அப்படியே ரெக்கார்ட் பண்ணி ஊர் வாட்ஸ்அப் குரூப்பில் போட்டுவிட்டார். சித்தூர், நல்லேப்பிள்ளி வரைக்கும் அந்த ஆடியோ சுற்றியது. தண்ணீர் லேட்டானதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை, ஆள் வைத்து மிரட்டுகிறவர்கள் என்ற பேச்சுதான் நின்றது. மச்சானும் நானும் நேரில் போய், அந்த நம்பர் எங்களுடையது இல்லை என்று காட்டி, பைப் வேலை எந்த நிலையில் இருக்கிறது என்று காகிதத்தோடு விளக்கின பிறகுதான் மனுஷன் சமாதானமானார். ரிவ்யூ இன்னமும் இருக்கிறது, அதற்குக் கீழே எங்கள் பதிலும் இருக்கிறது.

இதே சமயத்தில் இன்னொரு கூத்தும் நடந்துகொண்டிருந்தது. திடீரென்று ஐந்து ஸ்டார் ரிவ்யூக்கள் மழையாகக் கொட்ட ஆரம்பித்தன. நம் ஸ்டார் 4.9-க்கு ஏறிவிட்டது என்று ஏஜென்சி ஸ்கிரீன்ஷாட் எல்லாம் அனுப்பியது. உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் படித்தால் ஒருவர் "ஃபிளாட் சூப்பர், லிஃப்ட் நன்றாக வேலை செய்கிறது" என்கிறார். நாங்கள் விற்பது வெறும் சைட், அங்கே இன்னும் ஒரு செங்கல்கூட வைக்கவில்லை! அந்தப் பெயரைத் தொட்டுப் பார்த்தால் அதே நாளில் நொய்டாவில் ஒரு பல் டாக்டருக்கும் இந்தூரில் ஒரு டயர் கடைக்கும் ஐந்து ஸ்டார் கொடுத்திருக்கிறார். எவ்வளவு சுறுசுறுப்பான மனுஷன் பாருங்கள். கூகுள் கண்டுபிடிக்காமல் இருக்குமா? மொத்தமாகத் தூக்கியது. தூக்கியதோடு விடவில்லை. போலி ரிவ்யூ பிடிபட்டால் கொஞ்ச காலத்துக்குப் புது ரிவ்யூ வராமல் தடுப்பார்கள், ஏற்கெனவே இருப்பதையும் மறைத்து வைப்பார்கள், இந்தப் பக்கத்தில் போலி ரிவ்யூக்கள் நீக்கப்பட்டன என்று பார்க்கிறவர்களுக்கே எச்சரிக்கை காட்டுவார்கள். எங்களுக்கு மூன்றும் ஆனது. நாலைந்து வருஷமாக நிஜமான ஆட்கள் எழுதின நல்ல வார்த்தையும் அதோடு சேர்ந்து அந்தச் சமயத்துக்கு மறைந்துபோனது.

சரி, ரிவ்யூ கதை இப்படி. மற்ற வெப்சைட்டுகளில் உங்கள் வெப்சைட்டுக்கு லிங்க் போட்டு கூகுள் தேடலில் மேலே ஏற்றுகிறோம் என்பது அவர்களுடைய இன்னொரு வேலை. லிங்க் கதை இதைவிட மோசம், ஏனென்றால் அதில் என்ன நடக்கிறது என்று சாதாரண ஆளுக்குத் தெரியவே தெரியாது.

மாதக் கடைசியில் ஒரு எக்செல் ஷீட் வரும். இன்னின்ன வெப்சைட்டில் உங்களுக்கு லிங்க் போட்டிருக்கிறோம், இதற்கு டி.ஏ. 52, இதற்கு 61 என்று நம்பர் நம்பராக இருக்கும். டி.ஏ. என்றால் டொமைன் அத்தாரிட்டி, அது மாஸ் என்ற ஒரு அமெரிக்கக் கம்பெனி தானாகப் போட்டுக்கொடுக்கும் மதிப்பெண். கூகுள் அதை வைத்து யாரையும் மேலே தூக்குவதில்லை. அந்த லிஸ்ட்டில் இருந்ததில் ஒன்றைத் திறந்து பார்த்தேன். ஒரு காலத்தில் ஏதோ பள்ளிக்கூடத்தின் வெப்சைட்டாக இருந்திருக்கிறது, அவர்கள் புதுப்பிக்காமல் விட்ட டொமைனை, அதாவது வெப்சைட் முகவரியை, எவனோ வாங்கியிருக்கிறான். மேலே இன்னமும் பள்ளிக்கூடத்து லோகோ, கீழே ஆன்லைன் சூதாட்டம், பத்து நிமிடத்தில் லோன், ஆண்மைக்குறைவு மருந்து, அதற்கு நடுவே எங்கள் லேஅவுட். இந்தப் பழைய டொமைன் வித்தையை 2024 மார்ச்சில் கூகுள் தன் ஸ்பேம் விதிகளில் பெயர் சொல்லியே சேர்த்துவிட்டது.

காசு கொடுத்து லிங்க் வாங்கி மேலே ஏறும் விளையாட்டை 2012 ஏப்ரலில் பென்குயின் என்ற அப்டேட்டிலேயே கூகுள் அடிக்க ஆரம்பித்தது. 2016-க்குப் பிறகு அது எப்போதும் ஓடிக்கொண்டே இருக்கும் பாகமாகிவிட்டது, இப்போது பெரும்பாலும் அந்த மாதிரி லிங்க்கைக் கணக்கிலேயே சேர்க்காமல் விட்டுவிடுகிறார்கள். அதாவது உங்கள் காசு தண்டம், அவ்வளவுதான். அளவு மீறிப் போனால், வெப்சைட் வைத்திருப்பவர்களுக்குக் கூகுள் கொடுக்கும் சர்ச் கன்சோலில் இயற்கையல்லாத லிங்க்குகள் என்று நேரடி நடவடிக்கை நோட்டீஸே வரும், அப்போது தேடினால் உங்கள் வெப்சைட்டே கிடைக்காமல் போகலாம். காசு கொடுத்து ஒரு பத்திரிகையிலோ வலைத்தளத்திலோ விளம்பரக் கட்டுரை போடுவது தப்பில்லை, அது காசு கொடுத்த லிங்க் என்று கூகுளுக்குத் தெரியும்படி அதில் ஸ்பான்சர்ட் அல்லது நோஃபாலோ என்று குறி போட வேண்டும் என்பது விதி. எங்களுடையதில் ஒன்றில்கூட அது இல்லை. அப்புறம் எல்லாமே வாடகை. நாங்கள் பணத்தை நிறுத்தின மறுமாதம் அத்தனை லிங்க்கும் மாயம்.

லிங்க் போனால் போகட்டும், அந்தக் கட்டுரைகளில் எழுதியிருந்ததுதான் எனக்கு வயிற்றைக் கலக்கியது. "ஸ்மார்ட் சிட்டியிலிருந்து 5 நிமிடம்" என்று இருந்தது. கொழிஞ்சாம்பாறையிலிருந்து கஞ்சிக்கோட்டுக்கு எந்த வண்டியில் 5 நிமிடத்தில் போவது? "டி.டி.சி.பி. அப்ரூவ்டு" என்றும் போட்டிருந்தார்கள். டி.டி.சி.பி. தமிழ்நாட்டில் லேஅவுட்டுக்கு அனுமதி கொடுக்கிற இடம், நம்முடையது பாலக்காடு ஜில்லா, இங்கே பஞ்சாயத்து, டவுன் பிளானிங், கே-ரெரா (கேரள ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையம்) என்று வழியே வேறு. தமிழ்நாட்டு லேஅவுட் எவனுடையதையோ காப்பியடித்து ஊர்ப் பெயரை மட்டும் மாற்றியிருக்கிறார்கள். படித்துவிட்டு ஒருவர் அட்வான்ஸ் கொடுத்து ஏமாந்தால் மாட்டுவது ஏஜென்சி இல்லை, நாம்தான். 2016 ரெரா சட்டம் 12-ஆம் பிரிவில், விளம்பரத்தில் சொன்ன பொய்யை நம்பிப் பணம் கட்டினவருக்கு புரமோட்டர் நஷ்ட ஈடு தர வேண்டும், அவர் விலகிக்கொண்டால் பணத்தை வட்டியோடு திருப்ப வேண்டும் என்று இருக்கிறது. எந்த ரூபத்தில் வந்தாலும் அது விளம்பரம்தான். விளம்பரத்தில் ரெரா பதிவு எண்ணும் ஆணையத்தின் வெப்சைட் முகவரியும் இருக்க வேண்டும் என்று 11-ஆம் பிரிவு, அதுவும் அந்தக் கட்டுரைகளில் கிடையாது.

போலி ரிவ்யூவும் இப்போது விளையாட்டு விஷயம் இல்லை. ஆன்லைன் ரிவ்யூவுக்கென்றே 2022 நவம்பரில் இந்தியத் தர நிர்ணய அமைப்பான பி.ஐ.எஸ்., "ஐ.எஸ். 19000" என்ற தரநிலையைக் கொண்டுவந்தது, கொண்டுவந்தபோது அதைக் கட்டாயமாக்கவில்லை என்பது உண்மைதான். ஆனால் 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில், தவறாக வழிநடத்தும் விளம்பரத்துக்கு மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் முதல் தடவை 10 லட்சம் வரை, மறுபடி செய்தால் 50 லட்சம் வரை அபராதம் போடலாம். எங்கள் வக்கீல் சொன்ன இன்னொரு விஷயம், வியாபாரத்துக்காகச் சேவை வாங்கினவர் அந்தச் சட்டத்தில் பொதுவாக நுகர்வோர் ஆகமாட்டார், சொந்த உழைப்பில் பிழைப்புக்காக நடத்துகிறவருக்கு மட்டும் விலக்கு உண்டு. ஆக ஏஜென்சி மேல் நுகர்வோர் கோர்ட்டுக்குப் போகலாம் என்று சும்மா இருந்துவிடாதீர்கள், அந்தக் கதவு திறக்குமா என்பதே வழக்காகிவிடும்.

வேண்டாம் என்று சொன்னபோதுதான் அவர்களுடைய நிஜ முகம் தெரிந்தது. கூகுள் பக்கத்தில் முதன்மை உரிமையாளராகத் தங்கள் மெயிலைப் போட்டு வைத்திருந்தார்கள், எங்களுக்கு மேனேஜர் மட்டும்தான். வெப்சைட் டொமைனையும் அவர்கள் பெயரில்தான் பதிவு செய்திருக்கிறார்கள். பாக்கி மூன்று மாதப் பணம் கட்டினால் சாவி தருகிறோம் என்றார்கள், கட்ட வேண்டிய பாக்கி என்று ஒன்றும் இல்லை. பணம் வராது என்று தெரிந்த வாரமே எங்கள் ஊர்க் கூட்டாளி ஒருவரின் கூகுள் பக்கத்தில் முன்பின் தெரியாத பெயர்களில் ஒற்றை ஸ்டார் வந்து விழுந்தது. அதை யார் போட்டது என்று என்னால் நிரூபிக்க முடியாது, அதனால் அதோடு விடுகிறேன்.

கூகுள் பக்கத்தை நாங்கள் மீட்டுவிட்டோம். உரிமை கேட்டு விண்ணப்பம் போடலாம், இப்போதைய உரிமையாளருக்கு 3 நாள் அவகாசம், பதில் வராவிட்டால் ஆதாரம் காட்டி நாமே எடுக்க வழி கிடைக்கும். கடை போர்டு, பஞ்சாயத்து லைசென்ஸ் எல்லாம் கையில் வைத்துக்கொள்ளுங்கள், வீடியோ கேட்பார்கள். டொமைன் இன்னும் அவர்களிடம்தான். புதிதாக யாரிடமாவது வேலை கொடுத்தால் டொமைனை உங்கள் பெயரில், உங்கள் கார்டில், உங்கள் மெயிலில் நீங்களே வாங்குங்கள். ஏஜென்சிக்கு மேனேஜர் உரிமைக்கு மேல் கொடுக்காதீர்கள். கஸ்டமர் நம்பர் லிஸ்ட்டை எந்தக் காரணத்துக்கும் கொடுக்காதீர்கள். உங்கள் பெயரில் வெளியே போகும் ஒவ்வொரு கட்டுரையையும் நீங்கள் பார்த்து ஓகே சொன்ன பிறகுதான் போட வேண்டும் என்று எழுதி வாங்குங்கள்.

தமிழ்நாட்டிலிருந்து இங்கே இடம் பார்க்க வருகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. ஸ்டாரைப் பார்க்காதீர்கள், ரிவ்யூக்களைப் புதியது முதலில் என்று வைத்துப் படியுங்கள், எழுதினவர் வேறு எங்கெல்லாம் எழுதியிருக்கிறார் என்று தொட்டுப் பாருங்கள். 500 சதுர மீட்டருக்கு, அதாவது சுமார் 12 சென்ட்டுக்கு மேல் இருக்கிற லேஅவுட் என்றால் கே-ரெரா வெப்சைட்டில் பெயர் இருக்கிறதா என்று தேடுங்கள், தமிழ்நாட்டு ரெராவில் தேடினால் கிடைக்காது. கரம் அடைத்த (நிலவரி கட்டிய) ரசீதைக் கேளுங்கள். நெல்வயல் டேட்டா பேங்கில் (நெல்வயல், சதுப்புநிலம் என்று கேரள அரசு குறித்து வைத்திருக்கும் பட்டியலில்) சர்வே நம்பர் இருக்கிறதா என்று கிருஷி பவனிலோ (விவசாய ஆபீஸ்) வில்லேஜ் ஆபீஸிலோ விசாரியுங்கள், இருந்துவிட்டால் அதை நீக்க வருவாய்த் துறைக்கு ஃபார்ம் 5 போட்டுக் காத்திருக்க வேண்டியதுதான். இடம் விற்கிறவன் நானே சொல்கிறேன், இதையெல்லாம் கேட்டால் கோபப்படுகிற ஆளிடம் வாங்காதீர்கள்.

கடைசியாக ஒன்று. இப்போது அந்த ஆட்கள் மீனாட்சிபுரம் பக்கம் சுற்றுகிறார்களாம், "கொழிஞ்சாம்பாறைல ஒரு ஆபீஸுக்கு நாங்கதான் பண்ணினோம்" என்று எங்கள் பழைய 4.9 ஸ்கிரீன்ஷாட்டைக் காட்டுகிறார்கள் என்று ஒரு அண்ணன் நேற்று போன் பண்ணிச் சொன்னார். அதைக் காட்டினால் அங்கேயே உங்கள் போனை எடுத்து எங்கள் கூகுள் பக்கம் இன்றைக்கு எப்படி இருக்கிறது என்று அவர்கள் முன்னாலேயே திறந்து பாருங்கள். பில், மெயில், எக்செல் எல்லாம் என்னிடம் இருக்கிறது, வேண்டுபவர்கள் இன்பாக்ஸில் வாருங்கள், காட்டுகிறேன்.